மீன்பெட்டி ஐஸ்

வியாழக்கிழமை.
காமென்ற்றில் புது மெசின் பூட்டுகிறார்கள்,
எங்களுக்கு லீவு.
ஒலுமடுவில் காலை பத்து மணிக்கே
தகரக் கூரை முனகத் தொடங்கிவிட்டது.
கிழமையில் ஆறு நாள்
நீராவி அயன் பிடிக்கிற கை இது.
லீவு நாளிலும் நெருப்பைத் தொடு என்றால்
தொடாது.

சோறு நேற்றையது, தண்ணீர் ஊற்றி வைத்தது.
அது போதும் எனக்கு.
சோதனை முடிந்து நிற்கிற கபிஷாவோ
கதவு நிலையில் சாய்ந்து
சுற்றாத விசிறியைப் பார்த்தபடி
"இனிப்பா ஏதாவது" என்கிறாள்.

கிணறு அடியில் கலங்கிக் கிடக்கிறது.
ஒரு வாளி அள்ளினால்
அடுத்த வாளிக்கு ஒரு மணித்தியாலம் பொறுக்கவேணும்.
ஆகவே அடுப்பும் இல்லை, சட்டி பானையும் இல்லை.
கழுவ ஒரு டப்பா, ஒரு கரண்டி.
அதற்கு மேல் ஆசைப்பட்டால்
நீயே போய்க் கிணற்றோடு கதை என்றேன்.

ரின்பால் கடனுக்கு.
நவரத்தினத்தார் கடைக் கொப்பியில்
என் பெயருக்குக் கீழே இன்னொரு வரி.
மாரி பிஸ்கற் ஒரு பைக்கற்.
தேசிக்காய் வேலியோரத்து மரத்தில்,
வெயிலில் வெம்பிப் போளை அளவு.
ஏழைப் பிழிந்தால் இரண்டின் சாறு.
தயிர் முத்தையன்கட்டு எருமைத் தயிர்,
சட்டியைக் கவிழ்த்தாலும் விழ யோசிக்கும்.

பழைய ஐஸ்கிறீம் டப்பாவுக்குள்ளேயே
எல்லாவற்றையும் விட்டுக் கலக்கினேன்.
புளி விழுந்ததும்
பால் தன்பாட்டில் தடித்தது.
நெருப்பில்லாமல் ஒன்று இறுகுவதைப் பார்க்க
எனக்கு எப்போதும் ஒரு சின்ன ஆச்சரியம்.
பிஸ்கற்றை அடுக்கியவள் கபிஷா.
மூலைக்குப் பொருந்தாததைப்
பல்லால் கடித்து அளவெடுத்தாள்,
மிச்சம் வாய்க்குள்.
நிலத்தில் ஒரு தூள் இல்லை.
ரின்னை அவள் விரலால் வழித்தாள்,
பிறகு எறும்புகளுக்குக் கொடுத்தோம்.
கழுவித்தான் தந்தன.

இனிக் குளிர் வேணும்.
பிறிஜ் இருக்கிறது எங்களிடம்,
மாதக் கட்டுக்காசில் எடுத்தது.
கரண்ட் போனால் அது வெள்ளை அலுமாரி,
உடுப்பு மடித்து வைக்கலாம்.

இரண்டு மணி.
முல்லைத்தீவு றோட்டில் பாம் பாம்.
அமலதாஸ் திரும்புகிறார்.
காலையில் பாரை, சூடை, கொஞ்சம் இறால்.
இப்போது வெறும் றெஜிபோம் பெட்டி,
அடியில் பாதி ஐஸ்.
அந்த ஐஸை மதகடியில் ஊற்றிவிட்டுப் போவார்,
நாய்கள் வந்து நக்கும்.
முன்பொரு லீவில் பார்த்திருக்கிறேன்.

"அண்ணை, அந்த ஐஸை எனக்குத் தாங்கோ."
"மீன் மணக்கும் தங்கச்சி."
"மூடியிருக்கு. மேலை ரெண்டு பை."
கொஞ்சம் யோசித்தார்.
"பெட்டியோடையே இறக்கிறன். நிழல் எங்கை?"

வேம்படியில் பெட்டி,
பெட்டிக்குள் டப்பா, மேலே ஒரு சாக்கு.
ஹெல்மெற்றைத் தலைக்கு வைத்து
அவரும் பக்கத்தில் சரிந்தார்.
சோளகம் புழுதியை வாரிவந்து
வேலியில் கொட்டியது.
கபிஷா மூன்று தரம் மூடியைத் தூக்கி
மூன்று தரம் பேச்சு வாங்கினாள்.

ஓரம் இறுகிவிட்டது, நடு இன்னும் நடுங்கியது.
அதற்கு மேல் ஒருவராலும் பொறுக்க முடியவில்லை.
பூவரசம் இலையில் ஆளுக்கொரு துண்டு.
அமலதாஸ் கண்ணை மூடித் தின்றார்,
முகத்தில் புளிப்பு ஏறி
இனிப்பு இறங்குவது தெரிந்தது.
"மணக்குதோ பிள்ளை?" என்று கேட்டார்.
அவள் நாக்கைச் சுழற்றிப் பார்த்து
உண்மையைச் சொன்னாள்.
"கொஞ்சம். பாரை."

அவர் சிரித்த சிரிப்பில்
ஆடு மிரண்டு எழும்பியது.
இலைகளை அதற்கே போட்டோம்.
கரைந்த ஐஸ்
சரியாக ஒரு வாளி வந்தது.
அதைத் தேசிமரத்துக்கு ஊற்றினார்,
மீன் உரமாம், அடுத்த முறை
காய் பெருக்குமாம்.
மனிசிக்கென்று ஒரு துண்டைப்
பிஸ்கற் பைக்கற்றுக்குள் சுற்றிக் கொடுத்தேன்.

ஒரு சிரட்டைத் தண்ணீர்.
டப்பாவும் கரண்டியும் கழுவி முடிந்தது.
கையைச் சட்டையில் துடைக்கிறேன்,
கரண்ட் வருகிறது.
உள்ளே ஒன்றுமில்லாத பிறிஜ்
பெரிய எடுப்பில்
உறுமத் தொடங்குகிறது.